ஐ3-12100 வாங்கலாமா, ரைசன் 5 5600ஜி வாங்கலாமா?

கேள்வி: திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறோம். கீழே யூனிட், மாடியில் வீடு. டேபிள் வேலையை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். டிசைன், செபரேஷன் (டிசைனைக் கலர் கலராகப் பிரிப்பது), டேலி, ஜிஎஸ்டி எல்லாம் என் பொறுப்பு. இப்போது இருப்பது நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். கோரல் டிராவில் கொஞ்சம் கனமான டிசைனைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பையன் பெருந்துறையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், வீட்டிலிருந்தே போய் வருகிறான். சாயங்காலம் அதே கம்ப்யூட்டரில் அவனும் ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். கொஞ்சம் கேமும் விளையாடுவான். அவன் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் கேட்கிறான். கோவையில் மில் ஆபீஸில் வேலை செய்யும் என் அண்ணன், "ஏஎம்டி சூடாகும், இன்டெல் ஐ3-12100 எடு" என்கிறார். கடைக்காரரோ, "அதெல்லாம் எதுக்குங்க அக்கா, ஐ7 செகண்ட் ஹேண்ட் இருக்கு, பாதி விலைக்கு எடுத்துக்கங்க" என்கிறார். தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வசதி இல்லை. எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நிலைமைக்கு ரைசன் 5 5600ஜி தான் சரி. ஒரே கம்ப்யூட்டர், இரண்டு பேருக்கு இரண்டு விதமான வேலை, கிராபிக்ஸ் கார்டு கிடையாது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்த நிலைமை மாறினால் என் பதில் ஐ3-12100 பக்கம் போய்விடும். எப்போது என்று பின்னால் எழுதுகிறேன். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பிராசசருக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியையாவது ரேமுக்கும், கரண்டுக்கும், பஞ்சுத் தூசிக்கும் கொடுங்கள். திருப்பூர் யூனிட்டுகளில் கம்ப்யூட்டர் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான். பிராசசர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம்.

முதலில் அந்த ஐ7. அது வேண்டாம். கடைக்காரரிடம் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். பாதி விலைக்கு வருகிற ஐ7 பெரும்பாலும் ஐ7-2600 ஆகவோ ஐ7-4770 ஆகவோ இருக்கும். முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2013-இல். ஐ3, ஐ5, ஐ7 என்ற வரிசை ஒரே காலத்தில் வந்த பிராசசர்களுக்கு நடுவே மட்டும்தான் செல்லும். கோடு போட்ட பிறகு வரும் எண்ணைப் பாருங்கள்: 4770 என்றால் நான்காம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. ஐ7-4770-இல் 4 கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் ஆட்கள் மாதிரி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையில் எடுக்கிற வேலைகள்). ஐ3-12100-லும் அதே 4 கோர், 8 த்ரெட் தான். ஆனால் புதியதன் வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், பழையது 3.9-இல் நின்றுவிடும். அதோடு, ஒவ்வொரு துடிப்பிலும் புதிய கோர் முடிக்கிற வேலையும் பழையதைவிட மிக அதிகம். 2022 ஜனவரியில் வந்த ஐ3, அந்தக் காலத்து ஐ7-ஐத் தாராளமாக முந்தும்.

உங்களிடம் இப்போது இருப்பதும் நான்காம் தலைமுறைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் தருவதாகச் சொல்வது அதன் அண்ணன் மாதிரி ஒன்றை. அதே பழைய டிடிஆர்3 வகை ரேம், அதே வயதான மதர்போர்டு. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கம் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி போர்ட்டலும் பேங்க் கணக்கும் தினமும் திறக்கிற கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸ் இருக்கக் கூடாது. இது ஒன்றுக்காகவே அந்த ஐ7-ஐத் தள்ளிவிடலாம்.

அடுத்து உங்கள் அண்ணன் சொன்ன சூடு. அவர் சும்மா சொல்லவில்லை. 2012-இல் வந்த ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8350 போன்றவை 125 வாட் பிராசசர்கள். கூடவே வந்த சின்ன ஃபேனோடு, நம் ஊர் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத ரூமில் அவை கொதித்தன. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் ஏஎம்டி என்றால் தயங்குவது நியாயம்தான். ஆனால் 2017-இல் ரைசன் வந்ததும் கதை மாறிவிட்டது. 5600ஜி, தைவானின் டிஎஸ்எம்சி கம்பெனியின் 7 நானோமீட்டர் முறையில் தயாரானது. அதன் அளவு 65 வாட், முழு மூச்சில் ஓடும்போது 88 வாட் வரை இழுக்கும். ஐ3-12100-இன் அடிப்படை அளவு 60 வாட், முழு மூச்சில் 89 வாட் வரை. ஒரு வாட் வித்தியாசத்தில் சூடு பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டுக்கும் பெட்டியிலேயே ஒரு ஃபேன் வரும், உங்கள் வேலைக்கு அதுவே போதும். அண்ணனிடம் இந்த எண்களைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

சரி, இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஐ3-12100: 4 கோர், 8 த்ரெட், 3.3-இல் தொடங்கி 4.3 கிகாஹெர்ட்ஸ், 12 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி). 5600ஜி: 6 கோர், 12 த்ரெட், 3.9-இல் தொடங்கி 4.4 கிகாஹெர்ட்ஸ், 16 எம்பி எல்3 கேஷ். தாளில் பார்த்தால் எல்லாவற்றிலும் 5600ஜி கூடுதல். ஆனால் ஒற்றை ஆளாக வேலை செய்யும்போது ஐ3-யின் கோர் பத்து, பதினைந்து சதவீதம் வேகமானது. அதன் கோர் வடிவமைப்பு ரைசனுடையதைவிட ஒரு படி புதியது. கிகாஹெர்ட்ஸ் எண்ணில் இது தெரியாது. எல்லாக் கோர்களும் சேர்ந்து வேலை செய்யும்போது 5600ஜி ஏறக்குறைய கால் பங்கு முன்னால் போகும்.

இதில் எது உங்களுக்கு முக்கியம்? உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். ஒரே ஒரு சாம்பிள் பீஸை அவசரமாகத் தைக்க வேண்டும் என்றால் ஆறு டெய்லர்களை உட்கார வைத்துப் பயனில்லை, கை வேகமான ஒருவர் போதும். ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் ஆறு பேர் இருக்கிற லைன்தான் ஜெயிக்கும். டேலி பெரும்பாலும் முதல் வகை. கோரல் டிராவில் ஆயிரக்கணக்கான நோட் (கோடுகளின் வளைவைப் பிடித்திருக்கும் புள்ளிகள்) இருக்கிற டிசைனை நகர்த்துவது, வெல்ட் செய்வது, டிரேஸ் எடுத்ததைச் சுத்தம் செய்வது எல்லாமும் முதல் வகைதான். ஆக, பகல் நேரத்து உங்கள் வேலையில் ஐ3 ஒரு நூல் முன்னால் இருக்கும். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினிலிருந்து வரும்போது இரண்டுமே அவ்வளவு பெரிய தாவல் என்பதால், அந்தப் பத்துச் சதவீதத்தைக் கையால் உணர மாட்டீர்கள். பத்து விநாடி எடுத்தது ஒன்பது விநாடி ஆவது வேறு, கோரல் நின்றுபோய் மூடித் திறக்க வேண்டி வருவது வேறு. உங்கள் கஷ்டம் இரண்டாவது. அதற்குக் காரணம் ரேம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பையனின் வேலை இரண்டாம் வகை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஆப்-ஐ பில்டு போடும்போது கிடைக்கிற கோர்களையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். கூடவே எமுலேட்டர் என்று ஒரு பொய் போனும் ஸ்க்ரீனில் ஓடும், அதற்கும் தனியாக ஆள் வேண்டும். 4 கோரில் இரண்டும் ஓடும், ஆனால் நடுவே பிரௌசரும் பாட வீடியோவும் திறந்திருந்தால் திணறும். 6 கோரில் மூச்சு விட இடம் இருக்கும். இன்னும் இரண்டு வருடத்தில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரும், லினக்ஸை விர்ச்சுவல் மெஷினில் போட வேண்டி வரும். அப்போதும் இதே கணக்குத்தான். ஒரு சின்ன விஷயம்: எமுலேட்டர் வேகமாக ஓட பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்) எஸ்விஎம் என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். சில போர்டுகளில் அது ஆஃப் ஆகவே வரும். பையனுக்குத் தெரிந்திருக்கும், இல்லையென்றால் சொல்லிவிடுங்கள்.

உண்மையில் என் முடிவைத் தீர்மானித்தது கிராபிக்ஸ் தான். தனி கார்டு வாங்கப் போவதில்லை என்பதால் பிராசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸை நம்பித்தான் எல்லாம் நடக்கும். ஐ3-12100-இல் இருப்பது யுஎச்டி 730. படம் காட்டுவதற்கும், டிசைன் பார்ப்பதற்கும், இரண்டு மானிட்டர் போடுவதற்கும் அது போதும். 5600ஜி-இல் இருப்பது வேகா 7. கேம் என்று வரும்போது இது ஏறக்குறைய இரண்டு மடங்கு பலமானது. வேலரண்ட் போன்ற லேசான கேம்கள் இரண்டிலும் ஓடும். ஜிடிஏ 5 மாதிரி ஒன்றைக் குறைந்த செட்டிங்கில் வைத்து விளையாடினால் 5600ஜி-இல் விளையாடுவது போல இருக்கும், ஐ3-யில் இழுவையாக இருக்கும். படிக்கிற பையன் கேம் விளையாடுவதற்காகவா இவ்வளவு யோசிப்பது என்று கேட்கலாம். தப்பில்லை என்பது என் எண்ணம். ஆசையாக உட்காருகிற கம்ப்யூட்டரில்தான் படிப்பும் ஆசையாக நடக்கும். கேமுக்காகத் தனிச் செலவு எதுவும் நீங்கள் செய்யப் போவதும் இல்லை.

வீடியோ விஷயத்தில் மட்டும் ஐ3-க்கு ஒரு பெருமை உண்டு. இன்டெல்லின் க்விக் சிங்க் என்ற வீடியோ வசதி, எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் நன்றாகக் கைகொடுக்கும். யூட்யூபில் இப்போது அதிகம் வருகிற ஏவி1 வகை வீடியோவை யுஎச்டி 730 தானே பிரித்துக் காட்டிவிடும். வேகா 7-க்கு அந்த வசதி இல்லை, அந்த வேலையைக் கோர்களே செய்யும். சாதாரண ஹெச்டி வீடியோவுக்கு 6 கோர் சிரமப்படாது. பையன் வீடியோ எடிட்டிங்தான் தன் வழி என்று இறங்கியிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

இப்போது ரேம். உங்கள் கோரல் ஏன் நிற்கிறது என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. போட்டோஷாப்பை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். 14-க்கு 18 அங்குலம் வருகிற ஒரு செஸ்ட் பிரிண்ட்டை 300 டிபிஐ-இல் திறக்கிறீர்கள். 4,200-க்கு 5,400 பிக்சல். பெருக்கினால் 2 கோடியே 26 லட்சத்துக்கு மேல். ஒரு கலர் சேனலுக்கு ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் ஒரு சேனலே சுமார் 22 எம்பி. எட்டுக் கலர் செபரேஷன் என்றால் சேனல்கள் மட்டும் 180 எம்பி. அதற்கு முன்னால் ஆர்ஜிபி-யில் லேயர் லேயராக வேலை செய்கிறபோது, முழு அளவு லேயர் ஒவ்வொன்றும் 90 எம்பி பக்கம் வரும். பத்து லேயர் இருந்தால் 900 எம்பி. பின்னால் போவதற்காக அது வைத்துக்கொள்கிற ஹிஸ்டரி தனி. பக்கத்தில் கோரல், டேலி, பார்ட்டியின் வாட்ஸ்அப், நாலு டேப் திறந்த பிரௌசர், அடியில் விண்டோஸ். 4 ஜிபி எந்த மூலைக்குப் போதும்? இடம் தீர்ந்ததும் விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். அந்த நேரம்தான் நீங்கள் "நின்றுவிட்டது" என்று சொல்கிற நேரம்.

எனவே 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். முடிந்தால் 32. ஆனால் எவ்வளவு வாங்கினாலும் இரண்டு துண்டாக வாங்குங்கள். 16 ஒரே துண்டாக வேண்டாம், 8-ம் 8-ம் வேண்டும். 5600ஜி-க்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். உள்ளே இருக்கிற வேகா 7-க்குச் சொந்தமாக மெமரி கிடையாது, நீங்கள் போடுகிற ரேமைத்தான் அதுவும் பயன்படுத்தும். டிடிஆர்4-3200 ஒரு துண்டு போட்டால் விநாடிக்கு 25.6 ஜிபி வழி. இரண்டு துண்டு போட்டால் 51.2 ஜிபி. வழி பாதியானால் கிராபிக்ஸ் திணறிவிடும், அப்புறம் ஐ3-ஐ விட்டுவிட்டு இதை வாங்கியதில் அர்த்தமே இல்லாமல் போகும். கடைகளில் அசெம்பிள் செய்து தரும்போது ஒரே துண்டைப் போட்டு, "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்பார்கள். அப்போதே இரண்டு துண்டு வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். மெஷின் வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகம் 3200 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 2133, 2400 என்று காட்டினால் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் எக்ஸ்எம்பி-ஐ பயாஸில் ஆன் செய்யவில்லை என்று பொருள். கடையிலேயே செய்து தரச் சொல்லலாம். 16 ஜிபி போட்டும் விண்டோஸ் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், மீதியைக் கிராபிக்ஸ் தனக்கென்று எடுத்து வைத்திருக்கும்.

ரேம் விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் இப்படிச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். கேபினட்டில் கலர் லைட், கண்ணாடிக் கதவு என்று எதையாவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லி அந்தக் காசை இங்கே போடுங்கள்.

போர்டு பற்றியும் கொஞ்சம். 5600ஜி-க்கு ஏ520 அல்லது பி550 போர்டு வாங்கலாம். நாலு ரேம் ஸ்லாட் இருக்கிறதாகப் பார்த்தால் நல்லது. இப்போது 8-ம் 8-ம் போட்டு, பின்னால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். இரண்டு ஸ்லாட் போர்டில் பின்னால் கூட்ட வேண்டுமென்றால் இப்போது வாங்கியதைக் கழற்றி வைக்க வேண்டும். பழைய ஸ்டாக் போர்டாக இருந்தால் 5600ஜி-ஐ அடையாளம் காண பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். கடையிலேயே மாட்டி, ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி-யும் கார்டும் பிராசசரோடு பேசுகிற வழிக்குப் பிசிஐஇ என்று பெயர்; 5600ஜி பழைய பிசிஐஇ 3.0-ஐத்தான் பயன்படுத்தும், ஐ3 அதைவிடப் புதியது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஐ3-உடன் இந்த பட்ஜெட்டில் வருவது ஹெச்610 போர்டு. அதில் எஸ்எஸ்டி-க்குக் கிடைக்கும் வழியும் 3.0 தான். ஆக உங்களுக்கு வித்தியாசம் இல்லை. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பழைய டிசைன்களுக்கு இப்போது இருக்கிற ஹார்டு டிஸ்கையே இரண்டாவதாக மாட்டிக்கொள்ளலாம். பழைய ரேம் மட்டும் புதியதில் சேராது.

பின்னால் ஒருநாள் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி அந்த வழியில் நாலே நாலு லேனில் (தடத்தில்) ஓடுகிற கார்டுகள் பிசிஐஇ 3.0-இல் அடிவாங்கும். வேறு வாங்குங்கள்.

பெயர்களில் கவனமாக இருங்கள். ஐ3-12100எஃப் என்று ஒன்று உண்டு, விலை குறைவு. அந்த 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது; கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. இந்த 5000 வரிசை ரைசனில் எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஜி' தான் கிராபிக்ஸ் இருப்பதற்கு அடையாளம். வெறும் 5600, வெறும் 5500 இரண்டிலும் அது இல்லை. "ரெண்டும் ஒண்ணுதாங்க, இது இன்னும் ஃபாஸ்ட்" என்று வெறும் 5600-ஐக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 5600ஜிடி என்று 2024-இல் வந்த ஒன்று இருக்கிறது. அதிலும் வேகா 7 தான், உச்ச வேகம் 4.6. விலை ஒன்றாக இருந்தால் அதைத் தாராளமாக எடுக்கலாம்.

ஐ3 எப்போது? பையன் ஹாஸ்டலுக்குப் போகிறான், லேப்டாப் வாங்கிக்கொள்கிறான் என்றால் மறுயோசனை இல்லாமல் ஐ3-12100. பகல் வேலைக்கு அதுதான் ஒரு நூல் மேல். அதுபோல, இன்னும் ஒரு வருடத்தில் நிச்சயமாகக் கார்டு வாங்கிவிடுவோம் என்றாலும் ஐ3 தான். அந்த போர்டில் பின்னாளில் ஐ5-12400, ஐ5-14400 போன்றவற்றை, தேவையான பயாஸ் அப்டேட்டோடு, மாட்டிக்கொள்ளலாம். இதே பன்னிரண்டாம் தலைமுறை போர்டில் ஐ3-14100-ம் உட்காரும். அதுவும் 4 கோர்தான், உச்ச வேகம் 4.7, விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அதை எடுங்கள். ஹெச்610 போர்டுகளில் டிடிஆர்4 ஒரு வகை, டிடிஆர்5 ஒரு வகை என்று இருக்கிறது, ஒன்றின் ரேம் இன்னொன்றில் ஏறாது. பில் போடும் முன் பார்த்துவிடுங்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். கீழே யூனிட் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஃப்ளாஷ் க்யூரிங் ஹீட்டர் இருக்கும், கம்ப்ரஸர் இருக்கும், ஒருவேளை கன்வேயர் க்யூரிங்கும் இருக்கலாம். இவை ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் வோல்டேஜ் ஒரு குலுக்குக் குலுக்கும். கம்ப்யூட்டரை அதே லைனில் மாட்டியிருந்தால் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) நாள் முழுக்க அந்த அடியை வாங்கிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஆபீஸ் டேபிளுக்கு வேறு ஃபேஸிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். எர்த்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துவிடும், அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். கேபினட்டைத் தொட்டால் விறுவிறு என்று ஏறுகிறது என்றால் எர்த் சரியில்லை, அதோடு ஓட்டாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கேபினட்டோடு இலவசமாக வருகிறதை வாங்காமல், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 450 வாட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். உங்கள் மெஷின் முழுக்க ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. அளவு பெரிதாக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல பொருளாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 600 விஏ யூபிஎஸ் ஒன்றும் கட்டாயம். டேலியில் பில் அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டா கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. சேமித்து மூடுவதற்கான நேரத்தை யூபிஎஸ் கொடுக்கும். பிரிண்டரை யூபிஎஸ்-இல் மாட்டாதீர்கள்.

பஞ்சு. பனியன் துணி இருக்கிற இடத்தில் காற்றிலேயே பஞ்சு மிதக்கிறது. டேபிளில் துணி ஒட்ட ஸ்ப்ரே கம் அடிக்கிறீர்கள் என்றால் அந்தப் பிசுபிசுப்பும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் படியும், அதன் மேல் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் ஹீட்சிங்க் மேல் ஒரு கம்பளியே போர்த்தியது போல ஆகிவிடும். பிராசசர் சூடேறினால் உடனே எரிந்துவிடாது. ஐ3-க்கு 100 டிகிரி, 5600ஜி-க்கு 95 டிகிரி என்று எல்லை இருக்கிறது. அதை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு, "புதுசு வாங்கியும் ஸ்லோவா இருக்கு" என்றுதான் தெரியும். உங்கள் அண்ணன் சொல்கிற சூடு இப்படி வந்தால், அது ஏஎம்டியிலும் வரும், இன்டெல்லிலும் வரும்.

கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள், இரண்டு அடியாவது உயர்த்தி வையுங்கள். ஆபீஸ் ரூமுக்குக் கதவு போட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. முடிந்தால் கம்ப்யூட்டரை மாடியிலேயே வைத்துவிட்டு, ஃபிலிம் எடுக்கிற பிரிண்டரையும் மேலே கொண்டுபோய்விடுங்கள். ஏறி இறங்குவது சிரமம்தான், ஆனால் மெஷினுக்கு ஆயுசு கூடும், பையனும் ராத்திரி இங்க் வாசத்தில் உட்கார வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து புளோயர் அடியுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். யூனிட்டில் இருக்கிற கம்ப்ரஸர் குழாயை நேராக நீட்டாதீர்கள். அதில் தண்ணீர் வரும்.

வாங்கும்போது பிராசசர் சீல் உடையாத பெட்டியில் வர வேண்டும். இரண்டு கம்பெனியும் பெட்டிப் பிராசசருக்கு மூன்று வருட வாரண்டி கொடுக்கின்றன. பெட்டி இல்லாமல் வருகிற 'ட்ரே' பிராசசர் கொஞ்சம் மலிவு, ஆனால் கெட்டால் விற்ற கடைக்காரர்தான் பொறுப்பு. ஃபேனும் கூட வராது. பில்லை யூனிட்டின் ஜிஎஸ்டி எண் போட்டு வாங்குங்கள். 18 சதவீத வரி. தொழிலுக்கு வாங்குகிறீர்கள் என்பதால் உள்ளீட்டு வரி எடுப்பது பற்றி உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும், வாரண்டிக்கு அது வேண்டும்.

புது மெஷின் வந்த அன்றே பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். டேலி லைசென்ஸைப் பழையதில் சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், கோரலுக்கும் பழையதில் சைன் அவுட் செய்துவிடுங்கள். டேலி டேட்டாவை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்து, புதியதில் ரீஸ்டோர் செய்து, இந்த மாதத்து பில்களும் பாக்கிகளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிரிண்டரில் ஒரு ஃபிலிமும் எடுத்துப் பாருங்கள். பழைய பிரிண்டராக இருந்தால் விண்டோஸ் 11-க்கான டிரைவர் கிடைக்கிறதா என்பதைக் கம்ப்யூட்டர் வாங்கும் முன்பே தேடி வைப்பது நல்லது. இரண்டு வாரம் எல்லாம் சரியாக ஓடிய பிறகு பழையதின் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம்.